கலங்கிய இன்சுலினில் அந்த வெள்ளைதான் மருந்து

போன மாதம் ஒரு அம்மா எங்கள் மருந்தகத்துக்கு என்பிஹெச் (NPH) என்ற, மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் பாட்டிலை எடுத்து வந்தார். "அடியில வெள்ளையா தங்கிடுதுங்க. மேல தெளிஞ்சதை மட்டும் எடுத்துப் போட்டுக்கறேன்" என்றார். எனக்குப் பகீரென்றது. மேலே இருந்தது வெறும் நீர் மாதிரிதான். அவர் ஒதுக்கிய வெள்ளைதான் மருந்து. சர்க்கரை இறங்கவில்லையென்று டோஸை வேறு கூட்டியிருந்தார்கள்.

அந்த வெள்ளை எப்படி உண்டாகிறது? இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். நம் கணையமே அதைத் துத்தநாகத்தோடு சேர்த்துத்தான் சேமிக்கிறது. துத்தநாக அயனிகள் இருந்தால் ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் தாமாகவே கூடிக் கொத்தாகிவிடும். பெரும்பாலும் ஒரு கொத்துக்கு இரண்டு அயனிகள். ஒவ்வொன்றையும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று பற்றிக்கொள்ளும். இந்தக் கொத்தின் வடிவத்தை 1969இல் வேதியியல் விஞ்ஞானி டோரத்தி ஹாட்ஜ்கினின் குழு கண்டறிந்தது.

உடலில் வேலை செய்வது கொத்தல்ல, அதிலிருந்து பிரியும் ஒற்றை மூலக்கூறு. பிரிய நேரமாகும் என்பதால்தான் ரெகுலர் இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்கிறோம். என்பிஹெச்சில் துத்தநாகத்தோடு புரோட்டமின் என்ற புரதமும் சேர்வதால் கொத்துகள் நுண்படிகங்களாகிவிடுகின்றன. தோலுக்கடியில் அவை மெல்ல மெல்லக் கரையும். பாட்டிலை அசையாமல் வைத்தால் அடியில் தங்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

அதனால் போடுவதற்கு முன் பாட்டிலை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுங்கள், தலைகீழாகச் சாய்த்துத் திருப்புங்கள். பால்போல ஒரே சீராக வரவேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துக் குமிழி வரும், அளவு தப்பும்.

அந்த அம்மாவின் பாட்டிலைக் கலக்கிக்கூடப் போட விடவில்லை. மேல்நீர் போய்விட்டதால் மிச்சத்தில் மருந்தின் செறிவு ஏறியிருக்கும், சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். புதுப் பாட்டில் கொடுத்தோம். ஆனால் கூட்டிய டோஸை முழு மருந்தோடு போட்டாலும் அதே ஆபத்துதான். அதனால் முதலில் டாக்டரிடம் போனில் பேசவைத்தோம்.

பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கமே வேண்டாம். உறைந்தால் படிகங்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். திரும்ப உருகினாலும் பழையபடி ஆகாது. உருட்டியும் கட்டி கரையவில்லை என்றாலோ, கண்ணாடியில் பனிபோலப் படிந்திருந்தாலோ அந்தப் பாட்டில் வேண்டாம். கிளார்ஜின் போன்ற தெளிவான இன்சுலினுக்கு இது நேர்மாறு: கலங்கியிருந்தால் போடவே கூடாது.