கோதுமைத் துருவின் ‘ரேஸ்’: தமிழில் என்ன சொல்லலாம்?

துரு என்பது கோதுமையைத் தாக்கும் பூஞ்சை நோய். ‘துருவில் புது ரேஸ் வந்திருக்கிறது’ என்று படித்தால் நமக்குக் கிண்டி குதிரைதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ரேஸ் வேறு. ஓட்டத்தைக் குறிப்பது பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். இதுவோ இத்தாலியின் ‘ராட்ஸா’, பிரெஞ்சு வழியாக வந்தது. குலம், வம்சம் என்று பொருள்.

பூஞ்சைக்கு அந்தப் பொருளும் சரியாக ஒட்டவில்லை. தண்டுத்துரு உண்டாக்கும் பக்சீனியா கிராமினிஸ் நுண்ணோக்கியில் எங்கும் ஒரே மாதிரிதான் தெரியும். எந்தக் கோதுமையில் வளரும், எதில் தோற்கும் என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்காவின் மினசோட்டாவில் தாவர நோயியலாளர் ஸ்டேக்மனின் குழு நூறாண்டுக்கு முன் இதைக் கொண்டுதான் ரேஸ்களைப் பிரித்தது.

இன்றைய முறையில் 20 கோதுமை வகைகளை நாற்றாக வளர்த்து, துருவின் வித்துகளைத் தூவுகிறார்கள். சுமார் இரண்டு வாரத்தில் செங்கல் நிறக் கொப்புளங்கள் பெரிதாக வெடித்தால் அந்த வகை விழுந்தது. சின்னப் புள்ளியோடு நின்றால் தப்பியது. நான்கு நான்கு வகைகளாக ஐந்து தொகுதி. ஒரு தொகுதியில் 16 விதமான முடிவு வரலாம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில மெய்யெழுத்து. ஐந்து எழுத்து சேர்ந்தால் ரேஸின் பெயர்.

உகாண்டாவில் 1998-ல் தென்பட்ட, உலகையே பதறவைத்த யுஜி99 என்ற தண்டுத்துருவின் ரேஸ் பெயர் டிடிகேஎஸ்கே. கடைசி ‘கே’ சொல்வது இதுதான்: ஐந்தாம் தொகுதியில் எஸ்ஆர்24 என்ற துரு எதிர்ப்பு மரபணு உள்ள வகை மட்டும் நின்றது, மற்ற மூன்றும் விழுந்தன. விழுந்தவற்றில் ஒன்று எஸ்ஆர்31. கோதுமையின் உறவான ரை தானியத்திலிருந்து வந்து, பல நாட்டு வயல்களைக் காத்துவந்த மரபணு அது. கென்யாவில் 2006-ல் எஸ்ஆர்24-உம் விழ, ‘கே’ போய் ‘டி’ ஆனது. டிடிகேஎஸ்டி, புது ரேஸ்!

சரி, தமிழில்? ‘இனம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலே சொன்ன இரண்டும் ஒரே மூலத்தின் வழித்தோன்றல்கள், கிட்டத்தட்ட நகல்கள். பிரித்தது ஒரு சின்ன மாற்றம். ‘இனம்’ என்றதும் இரத்த உறவே வேறு என்று தோன்றிவிடுகிறது. ரேஸ் எண்ணிக்கையை மரபுப் பன்மை என்று எடுத்துக்கொள்வதும் இதே பிழைதான். பன்மை பெருகுவது, பார்பெரிப் புதரில் துரு பாலினப் பெருக்கம் செய்து மரபணுக்களைக் கலைத்துப் போடும் இடங்களில். நீலகிரியின் ஊசிக்கலாவும் பார்பெரிக் குடும்பம்தான். ஆனால் இந்தியாவில் துரு ஆண்டுதோறும் திரும்பி வருவதற்கு அந்தப் புதர் காரணமில்லை. நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் கோதுமையிலேயே கோடையைக் கழித்துவிட்டு, காற்றில் வடக்கே போகிறது. இந்தியத் தாவர நோயியலாளர் கே.சி. மேத்தா பல ஆண்டு உழைப்பில் கண்டது இது.

என் பரிந்துரை ‘தாக்குவகை’. ‘இந்த ஆண்டு நீலகிரியில் எந்தத் தாக்குவகை?’ என்று கேட்டால், எந்தக் கோதுமை விழும் என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.