பெட்டி வருவதற்கு முன் வரும் காகிதம்

"வக்கீல் சார், பாடி எப்பம் வரும்?"

நாகர்கோவிலில் தொழில் செய்யும் என்னிடம் குளச்சல், தேங்காப்பட்டணம், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்ஃப் குடும்பங்கள் முதலில் கேட்பது இதைத்தான். சம்பள பாக்கி பற்றிய பேச்சு அடக்கம் முடிந்துதான் வரும். அதற்குள் பல வீடுகளில் "பாக்கி இல்லை" என்று கையெழுத்து போயிருக்கும்.

2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. 14ஆம் தேதி 45 உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அவர்களில் 7 பேர் தமிழர்கள். "எங்க ஆளுக்கு மட்டும் ஏன் மூணு வாரம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அங்கே மத்திய இணை அமைச்சரே நேரில் போனார். தனி அறையில் மாரடைப்பில் இறந்தவருக்காக யாரும் விமானம் ஏறுவதில்லை. போலீஸ் அறிக்கை, இறப்புச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று என்று அவர் கோப்பு மேசை மேசையாக நகர வேண்டும்.

போர் நடக்கும் இடமென்றால் தூதரகமும் கையைப் பிசையும். 2014இல் ஈராக்கின் மொசூலில் 39 இந்தியத் தொழிலாளர்கள் கடத்தப்பட்டார்கள். 2017இல் ஐஎஸ் பயங்கரவாதிகளிடமிருந்து நகரம் மீட்கப்படும்வரை அங்கே போய்த் தேடவே வழியில்லை. புதைகுழியைத் தோண்டி, உறவினர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டு, 38 பேரின் உடல்கள் வந்தது 2018 ஏப்ரலில். ஒக்கி புயலைக் கண்ட நம் கடற்கரைக்கு அந்தக் காத்திருப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். உடலை அனுப்பச் சம்மதம் என்பது ஒரு காகிதம். "பாக்கி எதுவும் இல்லை" என்பது வேறு காகிதம். அவசரத்தில் இரண்டையும் சேர்த்து நீட்டுவார்கள். முதலாவதில் மட்டும் போடுங்கள்.

சவுதியில் கணவரை இழந்த அக்கா ஒருவர் வந்தார். கணவர் வேலை பார்த்த கம்பெனியை இன்னொன்று வாங்கிவிட்டது. புதிய கம்பெனி, "அது பழைய முதலாளி கணக்கு" என்று கைவிரித்தது. பெரிய கம்பெனிகள் கைமாறினால் நாடுகளே குறுக்கே நிற்கும். சீனா அனுமதி தராததால் 2018இல் அமெரிக்க சிப் கம்பெனி குவால்காம், நெதர்லாந்து சிப் கம்பெனி என்எக்ஸ்பியை வாங்கும் முயற்சியையே கைவிட்டது. கொத்தனாரின் கம்பெனி கைமாறினால் எந்த நாட்டுக்குக் கவலை? ஆனால் சவுதி தொழிலாளர் சட்டத்தின் 18ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது: உரிமையாளர் மாறினாலும் ஒப்பந்தம் தொடரும், மாற்றத்துக்கு முந்தைய பாக்கிக்குப் பழையவரும் புதியவரும் சேர்ந்தே பொறுப்பு.

(இறந்தவர் ஈசிஆர் பாஸ்போர்ட்டில், அதாவது வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், அந்த எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்கிப் போனவரா என்றும் பாருங்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டத்தில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் உண்டு.)

கம்பெனி எப்போது கைமாறியது என்று காட்ட அக்காவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பெட்டியோடு வந்த சாமான்களில் கணவரின் போன் இருந்ததாம். மகன் கேம் விளையாட அதை ரீசெட் செய்யப் போகிறான் என்று பேச்சுவாக்கில் சொன்னார். உடனே வீட்டுக்குப் போன் போட்டுத் தடுத்தேன். மாதாமாதம் சம்பளம் ஏறிய மெசேஜ்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. மார்ச் வரை ஒரு கம்பெனி பெயர், ஏப்ரல் முதல் இன்னொன்று.