மழை இல்லாதபோதும் ஆட்டம் ஏன் நின்றது?

பொங்கோல் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “ஜாலான் புசாரில் சிங்கப்பூர் பிரிமியர் லீக் காற்பந்தாட்டம் பார்க்கப் பிள்ளைகளோடு போயிருந்தேன். ஒரு துளி மழை இல்லை. திடீரென்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தி இரு அணிகளையும் உள்ளே அனுப்பிவிட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். தூரத்தில் ஒருமுறை இடி கேட்டதோடு சரி. இவ்வளவு எச்சரிக்கை தேவைதானா? மின்னல் எங்கே விழுகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது?”

முதல் கேள்விக்கு என் பதில்: தேவை. கொஞ்சமும் குறைக்கக் கூடாத எச்சரிக்கை அது. இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அதற்குப் போகுமுன் நம் லீக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1994இல் சிங்கப்பூர் அணி மலேசிய லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே ஆண்டில் வென்றது. டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் எழுந்த தகராறால் அதோடு அந்தப் போட்டிகளிலிருந்து விலகியது. நமக்கென்று ஒரு நிபுணத்துவ லீக் வேண்டும் என்ற முடிவில் 1996இல் எட்டுக் குழுக்களோடு எஸ்.லீக் பிறந்தது, கேலாங் யுனைடெட் முதல் வெற்றியாளர். 2018இல் அதற்குச் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று பெயர் மாறியது. யார் எத்தனை முறை வென்றார்கள் என்ற பட்டியல் எல்லோருக்கும் கிடைக்கும். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சீன ஆட்டக்காரர்களைக் கொண்ட சின்சி என்ற குழு 2003 முதல் மூன்று பருவங்கள் நம் லீக்கில் ஆடியது. 2004இல் அக்குழுவின் இளம் ஆட்டக்காரர் ஜியாங் தாவ் பயிற்சியின்போது மின்னல் தாக்கி இறந்தார். காற்பந்தைப் பிழைப்பாகக் கொண்டு இந்தத் தீவுக்கு வந்த பையன். லீக்கின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது கோல்களோடு அந்த இழப்பையும் நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி இடிமழை. பகலெல்லாம் தரை காய்கிறது. கடற்காற்று தீவின் இரு பக்கங்களிலிருந்தும் புகுந்து நடுவில் மோதுகிறது. ஈரக்காற்று மேலே பாய்கிறது. பிற்பகலில் இடிமேகம் திரண்டு மாலையில் கலையும். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வேலை முடிந்து ரசிகர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில்தான் தொடங்குகின்றன. மழை விட்டிருக்கும், மேகம் முழுவதும் கலைந்திருக்காது. அந்த வேளையில்தான் நம் ஆட்டக்காரர்கள் திறந்த வெளியில் ஓடுகிறார்கள்.

மேகத்துக்குள் நடப்பது பள்ளிப் பாடத்தில் வருவதுதான். நம் தலைக்கு மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியம் ஆகிவிடுகிறது. அதற்கும் மேலே நுண்ணிய பனிப்படிகங்களும் கனமான பனியுருண்டைகளும் மோதிக்கொள்ளும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. லேசான படிகங்கள் நேர்மின்னூட்டத்தோடு மேலே போகின்றன. உருண்டைகள் எதிர்மின்னூட்டத்தோடு நடுவில் தங்குகின்றன. இந்தப் பிரிவு தாங்க முடியாத அளவுக்குப் போனதும் காற்று உடைகிறது. எதிர்மின்னூட்டப் பாதை ஒன்று படிப்படியாகக் கீழே இறங்கி, தரையிலிருந்து எழும் இழையோடு இணைந்த கணத்தில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. காற்று 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறி வெடித்து விரிகிறது. அதுதான் இடி.

இனி வாசகரின் இரண்டாவது கேள்வி. மின்னோட்டம் திடீரென்று பாயும்போதெல்லாம் வானொலி அலை பிறக்கும். பழைய டிரான்சிஸ்டரில் மத்திய அலையில் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது தெரியும்: மின்னல் வெட்டும் அதே நொடியில் பெட்டி கரகரக்கும். அந்தக் கரகரப்பு மின்னலின் கையெழுத்து. கண்ணுக்குத் தெரியாத தூரத்து மின்னலும், மேகத்துக்குள்ளேயே வெட்டி மறையும் மின்னலும் அதே கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகின்றன. அந்த அலை ஒளியின் வேகத்தில், அதாவது மைக்ரோ நொடிக்கு (ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 300 மீட்டர் வீதம், எல்லாத் திசைகளிலும் பரவுகிறது.

இப்போது நம் லீக்கின் ஆடுகளங்களிலேயே உணர்கருவிகளை வைத்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று ஜூரோங் ஈஸ்ட் விளையாட்டரங்கில், இன்னொன்று தெம்பனிஸ் நடுவத்தில். இடையே ஏறத்தாழ 23 கிலோமீட்டர். வானொலி அலை அதைக் கடக்க 80 மைக்ரோ நொடிகூட ஆகாது. எங்கோ ஒரு மின்னல் வெட்டுகிறது. இரண்டு கருவிகளும் ஒரே கணத்தில் அதை உணர்ந்தால், மின்னல் இரண்டுக்கும் சம தூரத்தில் இருந்திருக்க வேண்டும். வரைபடத்தில் அப்படிப்பட்ட இடங்களெல்லாம் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தின் பக்கமாக வடக்குத் தெற்காக ஓடும் ஒரு நேர்க்கோட்டில் அமையும். தெம்பனிஸ் கருவி 40 மைக்ரோ நொடி முந்திக்கொண்டால்? மின்னல் ஜூரோங்கைவிடத் தெம்பனிசுக்கு 12 கிலோமீட்டர் பக்கத்தில் இருந்திருக்கிறது. எந்தத் தூரத்தில் என்று தெரியாது. எத்தனை மணிக்கு வெட்டியது என்றும் தெரியாது. தெரிந்தது அந்த வித்தியாசம் மட்டுமே.

அது போதும். இரண்டு புள்ளிகளிலிருந்து உள்ள தூரங்களின் வித்தியாசம் மாறாமலிருக்கும் இடங்களையெல்லாம் இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். கணிதப் பாடத்தில் நாம் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த அதிபரவளையம்! 2,200 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கக் கணித அறிஞர் அப்பலோனியஸ் கூம்பை வெட்டி வெட்டி ஆராய்ந்த அதே வளைகோடு. அவருக்கு அதனால் ஒரு காசு வருமானமும் இருந்திருக்காது. தெம்பனிசை அணைத்தபடி வளைந்து செல்லும் அந்தக் கோட்டில் ஏதோ ஓரிடத்தில்தான் மின்னல் வெட்டியிருக்கிறது. மூன்றாவது கருவியைப் பீஷானில் வையுங்கள். பீஷானும் தெம்பனிசும் சேர்ந்து இன்னொரு அதிபரவளையம் வரையும். இரண்டு வளைகோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே மின்னல். சில வேளைகளில் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். நான்காவது கருவி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கருவிகளின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மைக்ரோ நொடி பிசகினால் 300 மீட்டர் பிசகும். அதனால் ஒவ்வொரு கருவியும் ஜிபிஎஸ் துணைக்கோள்களிலுள்ள அணுக் கடிகாரங்களிடமிருந்து நேரத்தை வாங்கிக்கொள்கிறது. தரையின் தன்மையும் கட்டடங்களும் அலையைச் சற்றுத் தாமதப்படுத்துவதால், சில நூறு மீட்டர் பிழை மிஞ்சும். இருந்தாலும் எண்ணிப் பாருங்கள். எங்கே வெட்டும் என்று முன்கூட்டித் தெரியாத, ஒரு நொடிக்குள் முடிந்துவிடும் ஒரு நிகழ்வை, அது முடிந்த சில நொடிகளுக்குள் எந்த அடுக்குமாடிப் பேட்டைக்கு மேலே வெட்டியது என்று சொல்லிவிட முடிகிறது. அலையின் வடிவத்தைப் பார்த்து, அது தரையைத் தொட்டதா, மேகத்துக்குள்ளேயே அடங்கியதா என்றும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். நம் வெப்பமண்டல மேகங்களில் தரையைத் தொடாத மின்னல்களே அதிகம். கண்ணையும் காதையும் மட்டும் நம்பினால் புயலின் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலே போய்விடும். அன்று ஜாலான் புசாரில் உங்களுக்கு ஒரே ஓர் இடி கேட்டது. கருவிகளுக்கு அதைவிடப் பல மடங்கு கேட்டிருக்கும்.

முதல் மின்னலுக்கு முன்பே எச்சரிக்க வேறொரு கருவி இருக்கிறது. தெளிந்த வானத்தின் கீழ் தரையருகே மீட்டருக்குச் சுமார் 100 வோல்ட் மின்புலம் எப்போதும் உண்டு. இடிமேகம் தலைக்கு மேல் வந்தால் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து திசையும் மாறும். சுழலும் தகட்டால் இதை அளக்கலாம். நீச்சல் குளத்தில் சங்கொலி கேட்டுக் கரையேறியவர்களுக்கும், தேசிய சேவையில் ‘கேட் ஒன்’ என்ற மின்னல் அபாய அறிவிப்பால் திடலிலிருந்து கூரைக்கு ஓடியவர்களுக்கும் இத்தகைய எச்சரிக்கைகள் பழக்கமானவையே.

சரி, மின்னல் ஒரு கம்பத்தில் விழுந்தால் நடுத்திடலில் நிற்பவருக்கு என்ன? இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தலையில் நேராக விழுவது அரிது. ஆபத்து தரை வழியாக வருகிறது. பாய்ந்த மின்னோட்டம் விழுந்த இடத்திலிருந்து மண்ணில் நாலாபுறமும் பரவும்போது, தள்ளிப்போகப் போக மின்னழுத்தம் குறைகிறது. ஓர் எட்டு வைத்து நிற்பவரின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அந்த வித்தியாசம் இருக்கும். ஈரமான திடலின் மண்ணுக்கு 100 ஓம் மீட்டர் மின்தடை எண் வைத்துக் கணக்குப் போட்டேன். 30,000 ஆம்பியர் மின்னல் 20 மீட்டர் தள்ளி விழுந்தால், 80 சென்டிமீட்டர் அகல எட்டில் ஏறத்தாழ 900 வோல்ட். 10 மீட்டரில் விழுந்தால் 3,500 வோல்ட். 2016இல் நார்வேயின் மலைச் சமவெளியில் ஒரே புயலில் 323 கலைமான்கள் செத்துக் கிடந்தன. நான்கு கால்களையும் அகல ஊன்றி நிற்கும் விலங்குக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல், மின்னோட்டம் இதயத்தின் வழியாகவும் போகும். காற்பந்துத் திடலில் 22 பேர் மரமோ சுவரோ இல்லாத வெளியில் நிற்கிறார்கள். 2024 நவம்பரில் பெரு நாட்டில், நடுவர் ஆட்டத்தை நிறுத்தியபின் திடலைவிட்டு நடந்துகொண்டிருந்த ஓர் ஆட்டக்காரரை மின்னல் கொன்றது. சில நிமிடம் முன்னதாக நிறுத்தியிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம்.

அறிவியல் புகாத இடத்தில் பழி புகுந்துவிடும். 1998 அக்டோபரில் காங்கோவில் ஓர் ஆட்டத்தின்போது மின்னல் தாக்கி ஓர் அணியின் 11 பேரும் இறந்தார்கள், மற்ற அணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று செய்தி வந்தது. உடனே சூனியம் என்ற பேச்சு எழுந்தது. பிள்ளைகளை இழந்த ஊருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. நம் வீடுகளில் இடி இடித்ததும் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்போம். அதைச் சொல்ல வேண்டாம் என்று எந்தப் பாட்டியிடமும் நான் சொல்லமாட்டேன். பயந்த குழந்தைக்கு அது ஆறுதல். ஆனால் இடி கேட்டுவிட்டது என்றாலே அந்த மின்னல் நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள். கவலைப்பட வேண்டியது அடுத்ததைப் பற்றி. வெளிச்சம் தெரிந்த நொடியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்: மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால், புயல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கூரைக்குள் போய்விட வேண்டும். நான் வன்மையாக எதிர்க்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்பது. அடிக்காது. அவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. 995ஐ அழைத்துவிட்டு உடனே இதய இயக்க மீட்பைத் தொடங்க வேண்டும். இதயம் தானாகத் திரும்பத் துடிக்கத் தொடங்கினாலும் மூச்சு திரும்ப நேரமாகலாம்; அந்த இடைவெளியில் தயங்கி நிற்பதால்தான் உயிர் போகிறது.

அரை மணி நேரம் ஏன் காக்க வேண்டும்? மழை விட்ட பிறகும் மேகத்தின் மேற்பகுதியிலும் பின்பகுதியிலும் மின்னூட்டம் மிச்சமிருக்கும். அங்கிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும், நட்சத்திரம் தெரியும் வானத்தின் கீழும் மின்னல் இறங்கலாம். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் என்பது பல நாடுகளின் அனுபவத்தில் திரண்ட கணக்கு. இடையில் ஒன்று வெட்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். உங்கள் காத்திருப்பு நீண்டது அதனால்தான்.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. மின்னல் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை அமெரிக்கா போன்ற மிதவெப்ப நாடுகளின் பதிவுகளிலிருந்து வந்தவை. நம் மேகங்கள் அவற்றைவிட உயரமானவை, நடத்தை வேறு. நமக்கு 30 நிமிடம் கூடுதலா, போதாதா என்பதை நம் வானத்தை வைத்தே ஆராய வேண்டும். அதற்கு ராக்கெட் வேண்டாம், பெரிய மானியமும் வேண்டாம்.

லீக்கின் புதிய நாட்காட்டி இதற்கு நல்ல வாய்ப்பு. முன்பெல்லாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து இறுதிக்குள் பருவம் முடிந்துவிடும். ஆசியக் குழுப் போட்டிகளின் அட்டவணையோடு ஒத்துப்போவதற்காக 2024-25 முதல் ஆண்டைக் கடந்து மே மாதத்தில் முடிகிறது. டிசம்பர், ஜனவரி மழையில் ஆட்டம் கெடும் என்று பலர் கவலைப்பட்டார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் விடாத தூறலும் அடைமழையுமாக இருக்கும், இடி குறைவு. இடிமின்னல் உச்சத்துக்குப் போவது ஏப்ரல், மே மாதங்களிலும், பிறகு அக்டோபர், நவம்பரிலும். பட்டத்தை முடிவு செய்யும் கடைசி ஆட்டங்கள் இப்போது சரியாக முதல் உச்சத்தில் வந்து விழுகின்றன. 2025 மே 18 அன்று நம் லீக்கின் லயன் சிட்டி செய்லர்ஸ் குழு ஆசிய இரண்டாம் நிலைச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஷார்ஜாவிடம் 1-2 என்று தோற்றதும் அதே மாதத்தில்தான், பீஷானின் திறந்த திடலில்.

ஒவ்வொரு லீக் ஆட்டத்திலும் எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள், எப்போது தொடங்கினார்கள், எத்தனை முறை எண்ணிக்கை முதலுக்குத் திரும்பியது என்பதை லீக் பொதுவில் வெளியிட்டால் போதும். வானிலை ஆய்வகத்தின் மின்னல் பதிவோடு அதைப் பொருத்திப் பார்க்கும் வேலையை ஒரு பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கூட இறுதியாண்டுத் திட்டமாகச் செய்துவிடலாம். ஏப்ரல், மே ஆட்டங்களை மாலை 6 மணிக்கு வைப்பதா, 8 மணிக்கு வைப்பதா என்பதற்கு அப்போது ஊகம் தேவைப்படாது.