மெனோபாஸ்: அந்த "பாஸ்" இடைவேளை கிடையாது

மெனோபாஸ்னு சொன்ன உடனே பாதி பேருக்கு மனசுல வர்றது ரிமோட்ல ரெண்டு கோடு போட்டு ஒரு பட்டன் இருக்கும்ல, அது தான். கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம், வேணும்னா திரும்ப ஓடும். எங்க அக்காவும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்திருக்கா. 53 வயசு, பீரியட்ஸ் நின்னு 14 மாசம் ஆகியிருந்துச்சு, ஒரு நாள் காலைல போன் பண்ணி "எனக்கு திரும்ப ஆரம்பிச்சிடுச்சுடி, லேசா தான் ரெண்டு நாளா படுது, பாஸ் தானே, நடுவுல அப்பப்ப வரும் போல"ன்னு சாதாரணமா சொல்றா. எனக்கு பக்குனு ஆயிடுச்சு. 14 மாசம் கழிச்சு வர்ற ரத்தத்துக்கு பீரியட்ஸ்னு பேர் கிடையாது. அதை அவளுக்கு புரிய வைக்கறதுக்கு நான் முதல்ல அந்த சொல்லைத்தான் பிரிச்சு சொல்ல வேண்டி வந்துச்சு.

கிரேக்க மொழில மேன்னு சொன்னா மாசம், பௌசிஸ்னா ஓய்ஞ்சு போறது, முடிவுக்கு வர்றது. இங்கிலீஷ்ல நாம சொல்ற பாஸும் இதே பௌசிஸ்ல இருந்து லத்தீன் வழியா வந்தது தான், ஆனா வர்ற வழில அர்த்தம் இளகி "கொஞ்ச நேரம் நிக்கறது"ன்னு ஆயிடுச்சு, மருத்துவச் சொல்லுக்குள்ள மட்டும் பழைய அர்த்தம் அப்படியே உட்கார்ந்திருக்கு. ரெண்டையும் சேர்த்து மெனோபாஸ்னு 1821-ல எழுதினது சார்ல்ஸ் தெ கார்டான்னு ஒரு பிரெஞ்சு டாக்டர். அதுக்கு முன்னாடி அங்க இதை "நெருக்கடி வயசு"ன்னு தான் சொல்லிட்டு இருந்தாங்க, அதனால அவர் வெச்ச பேர் எவ்வளவோ தேவலை. இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிக்கும், கிரேக்க மேன், சமஸ்கிருத மாசம் ரெண்டும் ஒரே வேர்ல இருந்து பிரிஞ்சது, அந்த மாசம் தான் தமிழ்ல மாதம்னு ஆச்சு, அப்போ மெனோவும் நம்ம மாதமும் ஒண்ணுவிட்ட சொந்தம். நிலாவை வெச்சு மாசத்தை எண்ணின கதை தான் ரெண்டு பக்கமும், நம்ம திங்கள்ங்கற சொல்லும் நிலாவையும் மாசத்தையும் சேர்த்தே குறிக்குது பாருங்க.

இப்போ டாக்டருங்க இந்த சொல்லை எப்படி பயன்படுத்தறாங்கன்னா, தொடர்ந்து 12 மாசம் பீரியட்ஸ் வராம இருந்து, அதுக்கு கர்ப்பமோ மருந்தோ வேற நோயோ காரணமா இல்லன்னா, கடைசியா வந்துச்சே அந்த பீரியட் தான் மெனோபாஸ். அதாவது அது ஒரு தேதி. அதுவும் ஒரு வருஷம் கழிச்சு திரும்பிப் பார்த்து தான் சொல்ல முடியும். பெரும்பாலானவங்களுக்கு 45-ல இருந்து 55 வயசுக்குள்ள வரும், 40-க்கு முன்னாடி வந்தா அது வேற கணக்கு, கண்டிப்பா பார்க்கணும். அந்த 12 மாச கோட்டைத் தாண்டி ஒரு சொட்டு பட்டா கூட டாக்டர்கிட்ட போகணும்னு சொல்றது இதனால தான். பத்துல ஒன்பது பேருக்கு கருப்பை உள்சுவர் மெலிஞ்சதோ, பாலிப்னு சொல்ற சின்ன சதை வளர்ச்சியோ, அந்த மாதிரி காரணமா இருக்கும், ஆனா தோராயமா பத்துல ஒருத்தருக்கு கருப்பை உள்சுவர்ல புற்றுநோய் இருக்கும், அந்த புற்றுநோய் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு முதல் அறிகுறியே இந்த ரத்தம் தான், சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லாவே குணமாகும். அக்காவுக்கு ஸ்கேன் பண்ணி உள்சுவர் தடிமன் பார்த்தாங்க, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க, பாலிப்னு வந்துச்சு, எடுத்துட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த ஒரு வாரம் நாங்க யாருமே தூங்கல.

சரி, தமிழ்ல இதுக்கு என்ன சொல்லணும்? பத்திரிகைல, ஆஸ்பத்திரி போர்டுல எல்லாம் "மாதவிடாய் நிறுத்தம்"னு போடறாங்க. விடாய்னா தாகம், களைப்பு, மாசா மாசம் வர்ற அயர்ச்சி மாதவிடாய், நல்ல சொல் தான், மாதவிலக்குல இருக்கற "தள்ளி வை"ங்கற அர்த்தம் இதுல இல்ல. என் சண்டை அந்த நிறுத்தத்தோட தான். நில்லுக்கு நிற்றல், நிறுத்துக்கு நிறுத்தம். ஒண்ணு தானா நிக்கறது, இன்னொண்ணு யாரோ நிறுத்தறது. வேலைநிறுத்தம்னா வேலை தானா நிக்கல, ஆளுங்க நிறுத்தறாங்க. போர்நிறுத்தமும் அப்படித்தான். அதுல இன்னொரு சிக்கல், ரெண்டுமே திரும்ப தொடங்கும்! வேலைநிறுத்தம் முடிஞ்சா வேலைக்கு போவாங்க. அப்போ இங்கிலீஷ் பாஸ்ல இருக்கற அதே தப்பான எண்ணம் தமிழ் வழியாவும் உள்ள வருது.

அதனால இயற்கையா வர்றதுக்கு "மாதவிடாய் நிற்றல்"னு எழுதறது தான் சரின்னு எனக்கு தோணுது. நிறுத்தத்தை தூக்கிப் போட வேணாம், அதுக்கு சரியான இடம் ஒண்ணு இருக்கு. ஆபரேஷன்ல ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டாலோ, கீமோ, ரேடியேஷனால சினைப்பை வேலை செய்யாம போனாலோ, அது உண்மையிலேயே நிறுத்தம், வெளில இருந்து நிறுத்தினது. அதுலயும் ஆபரேஷன் ஆனவங்களுக்கு படிப்படியா குறையற காலமே கிடையாது, நேத்து வரைக்கும் சினைப்பை சுரந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இன்னைக்கு இல்ல, தொந்தரவும் கடுமையா வரும், எலும்பும் சீக்கிரம் பாதிக்கும். நிற்றல், நிறுத்தம்னு ரெண்டு சொல் நம்மகிட்ட இருக்கறப்போ ரெண்டு நிலையையும் பிரிச்சு சொல்லலாமே.

கருப்பையை மட்டும் எடுத்துட்டு சினைப்பையை விட்டு வெச்சவங்க பாடு இன்னும் குழப்பம். அவங்களுக்கு மாதவிடாய் நின்னுடும், ஆனா சினைப்பை ஹார்மோன் சுரந்துட்டே இருக்கும், அப்போ மெனோபாஸ் இன்னும் வரல. "எனக்கு தான் எப்பவோ நின்னுடுச்சே"ன்னு இருப்பாங்க, சில வருஷம் கழிச்சு நடுராத்திரி நைட்டி நனையற அளவுக்கு வேர்த்து எழுந்திருக்கும்போது இது எதனாலன்னு தெரியாம பயந்து போவாங்க.

ஆனா வீட்டுல பேசற பேச்சு இருக்கே, "நின்னுடுச்சு", "நின்னு போச்சு", அது புத்தகச் சொல்லை விட துல்லியமானது. போச்சு சேர்ந்தா திரும்பாதுன்னு அர்த்தம், கெட்டுப் போச்சு, உடைஞ்சு போச்சு மாதிரி. அதுல ஒரு இழப்பும் ஒட்டிக்கிட்டு வருது, அது எல்லாருக்கும் ஒத்துவராது, நிம்மதின்னு சொல்றவங்க எத்தனையோ பேர். நின்னுடுச்சுல இழப்பு இல்லாம முடிவு மட்டும் இருக்கு, எனக்கு அது போதும்.

சொல்லே இல்லாத இடம் ஒண்ணு இருக்கு, அது தான் பெரிய குறை. நிக்கறதுக்கு முன்னாடி வர்ற காலம். பெரிமெனோபாஸ், கிரேக்கத்துல பெரின்னா சுத்தி. சுழற்சி தாறுமாறா ஆகறதுல ஆரம்பிச்சு, கடைசி பீரியட்டுக்கு அப்புறம் ஒரு வருஷம் முடியற வரைக்கும், பல பேருக்கு நாலு வருஷம், சிலருக்கு இன்னும் ஜாஸ்தி. குப்புனு நெஞ்சுல இருந்து முகத்துக்கு ஏறற சூடு, படபடப்பு, தூக்கம் கெடறது, காரணமே இல்லாத எரிச்சல், தெரிஞ்ச பேர் வாய்க்கு வராம நிக்கறது, மூட்டு வலி, இதெல்லாம் பீரியட்ஸ் வந்துட்டு இருக்கும்போதே தொடங்கிடும். "எனக்கு இன்னும் நிக்கலியே, அப்போ இது மெனோபாஸா இருக்காது"ன்னு தைராய்டு, பிரஷர், மனசுன்னு ஒவ்வொண்ணா தேடி அலையறாங்க, பேரே நிக்கறதை மட்டும் சொல்றப்போ வேற எப்படி நினைப்பாங்க? (தைராய்டும் பார்க்க வேண்டியது தான், ரெண்டும் ஒரே மாதிரி காட்டும்.) நம்ம பழைய நூல்கள்ல பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண்னு ஏழு பருவம் சொல்லியிருக்காங்க, பேதைக்கும் மங்கைக்கும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு பேர் வெச்சிருக்காங்க, பேரிளம்பெண் 40-ல முடியுது, அதுக்கு மேல பேரே இல்ல. இந்த மாற்றம் பலருக்கு தொடங்கற இடமே அது தான். நான் "நிற்றல்முன் காலம்"னு எழுதறேன், இதை விட நல்லா யாராவது வெச்சா சந்தோஷமா மாத்திக்குவேன்.

இந்த காலத்துல கர்ப்பமும் ஆகலாம், அதை மறந்துடறாங்க. 50-க்கு மேலன்னா கடைசி பீரியட்ல இருந்து ஒரு வருஷம், 50-க்கு கீழன்னா ரெண்டு வருஷம் கருத்தடை தொடரணும்.

சிகிச்சை பேர்லயும் ஒரு மாற்றம் நடந்திருக்கு. ஹார்மோன் ரீப்ளேஸ்மென்ட்னு சொன்னதை இப்போ மெனோபாஸ் ஹார்மோன் தெரபின்னு மாத்திட்டாங்க. இழந்ததை எல்லாம் திருப்பி நிரப்பறது நோக்கம் இல்ல, தொந்தரவு அடங்கற அளவுக்கு குடுக்கறது தான். 2002-ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வோட ஒரு பகுதியை மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுதுன்னு பாதில நிறுத்தினாங்க, அதுல இருந்தவங்க சராசரி வயசு 63, அந்த பயம் எல்லா வயசுக்காரங்க மேலயும் போய் உட்கார்ந்துடுச்சு. 60-க்கு கீழயோ, நின்னு 10 வருஷத்துக்குள்ளயோ இருந்து, தொந்தரவு ஜாஸ்தியா இருந்து, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, காரணம் தெரியாத ரத்தப்போக்கு மாதிரி தடை எதுவும் இல்லன்னா பலருக்கு நன்மை தான் அதிகம்னு இப்போ சொல்றாங்க. கருப்பை இருக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியா குடுக்கக் கூடாது, உள்சுவர் தடிச்சிடும், கூட அதைத் தடுக்கற புரோஜெஸ்டோஜன்ங்கற ஹார்மோனும் வேணும். பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், அடிக்கடி யூரின் இன்பெக்‌ஷன், இதுக்கு அந்த இடத்துல மட்டும் போடற குறைஞ்ச அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கு. சூடு அடங்கறதுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்கு. வாயைத் திறந்து கேட்டா தான் கிடைக்கும்.

டாக்டர் முதல்ல கேட்கற கேள்வி "கடைசியா எப்போ வந்துச்சு"ங்கறது தான். அக்காவுக்கு அன்னைக்கு மாசம் கூட சரியா சொல்ல வரல, நான் தான் எண்ணி 14-ன்னு சொன்னேன். இப்போ என் காலண்டர்ல போன மாசம் 9-ஆம் தேதியை வட்டம் போட்டு வெச்சிருக்கேன், அடுத்தது வந்தா அந்த வட்டம் நகரும்.