கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடி

தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து போன வாரம் ஒரு ஆச்சி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தார், நாலரை நிமிடத்துக்கு. "அண்ணே, எங்க தம்பிக்கு முப்பது வயசாச்சு. பெங்களூர்ல நல்ல வேலை. போன வருசந்தான் டாக்டர் ஆட்டிசம்னு சொன்னாக. இப்பப் பொண்ணு பாக்குறோம். அவனை மாதிரியே இருக்குற பொண்ணாப் பாக்கணுமா, இல்லை எல்லாரையும் மாதிரி இருக்குற பொண்ணா? எதுண்ணே ஒத்துவரும்?" கூடவே இரண்டு ஜாதகங்களின் படமும் வந்தது. அறிவியல் எழுதுகிறவனுக்கு ஜாதகமும் தெரியும் என்று நினைத்துவிட்டார் போல.

ஆட்டிசம் என்ன என்று பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஆரம்பிக்கப் போவதில்லை. மூளை கருவிலிருந்தே கொஞ்சம் வேறு தினுசாக வளர்கிறது. சத்தம், வெளிச்சம், தொடுகை எல்லாம் சிலருக்கு அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் உறைக்கும். ஒரு விஷயத்தில் இறங்கினால் முழுசாக இறங்குவார்கள். பேச்சில் சொல்லாமல் விட்டதை ஊகிப்பது கடினம். ஒருவரைப் போல இன்னொருவர் இருக்க மாட்டார். இது போதும்.

நெடுங்காலமாகச் சொல்லப்பட்ட கதை என்னவென்றால், இவர்களுக்குப் பிறர் மனதைப் படிக்கத் தெரியாது, அதனால் உறவு நிலைக்காது என்பது. 2012-ல் டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், இதைத் திருப்பிப் போட்டார். புரியாமை இருபக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கம் ஏற்றுகிறீர்கள் என்றார். நம்மூர்க் கணக்கில் சொன்னால், பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியாருக்கு பர்மியம் தெரியாது, அங்கே இருந்தவருக்குத் தமிழ் தெரியாது. இதில் யாரை ஊமை என்பது?

இதைச் சோதிக்க எடின்பரோவைச் சேர்ந்த கேத்தரின் குரோம்ப்டன் குழு காதில் ஓதி ஓதிக் கடத்தும் விளையாட்டு ஒன்றை நடத்தியது. எட்டெட்டுப் பேராக ஒன்பது வரிசை, மொத்தம் 72 பேர். மூன்று வரிசையில் எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்கள், மூன்றில் இல்லாதவர்கள், மூன்றில் கலந்து. முதல் ஆளிடம் சொன்ன கதை கடைசி ஆளிடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவில் ஆட்டிச வரிசையும் மற்ற வரிசையும் சமம், கலந்த வரிசையில்தான் கதை வேகமாகக் கரைந்தது, பேசியவர்களுக்குள் இணக்கமும் குறைவு. ஆகா, இனம் இனத்தோடு என்று பலர் எழுதிவிட்டார்கள். ஆனால் அதே குழு 311 பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்து 2025-ல் வெளியிட்டபோது, கதை கடத்துவதில் மூன்று வகை வரிசைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தான் சொன்னதைத் தானே மறுபடி சோதித்து, மாறி வந்ததையும் மறைக்காமல் அச்சில் போட்டார்கள் பாருங்கள், அதற்காகவே அவர்களுக்கு ஒரு தட்டுக் கந்தரப்பம் கொடுக்கலாம்.

அப்படியென்றால் சேதி போய்ச் சேருகிறது. பிறகு எங்கே இடிக்கிறது? என்னை ரொம்ப நாளாகப் பிடித்து ஆட்டும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன்: நேரம்.

ஒருவர் கேள்வி கேட்டு முடித்து, அடுத்தவர் வாய் திறப்பதற்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும்? உலகின் பத்து மொழிகளில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். சராசரி சுமார் 200 மில்லிநொடி. ஜப்பானியர் வெறும் 7 மில்லிநொடி, டென்மார்க்காரர் 469; அவ்வளவுதான் வித்தியாசம். கண் சிமிட்டும் நேரத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. சரி, இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? ஒரு யானைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், "யானை" என்று சொல்ல ஆரம்பிக்க மூளைக்குச் சுமார் 600 மில்லிநொடி வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்கே 600 ஆகிறது, ஆனால் பதில் 200-ல் வருகிறது. கணக்கு இடிக்கிறதல்லவா?

இடிக்காமல் இருக்க ஒரே வழி, எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிக்கப் போகிறார் என்று ஊகித்து, நம் பதிலை உள்ளே தயார் பண்ணி வைத்துக்கொள்வது. கல்யாணப் பந்தியில் கைதேர்ந்த பரிமாறுபவர் நம் இலையில் சாம்பார் சோறு தீரும் முன்பே ரசத்து வாளியோடு நிற்பாரே, அதே வேலைதான். நாம் கூப்பிட்ட பிறகு கிளம்பினால் பந்தி நடக்காது. தமிழில் இது இன்னும் வேடிக்கை, ஏனென்றால் நம் வினைச்சொல் கடைசியில் வருகிறது. "நாளைக்குக் காரைக்குடிக்கு வர" வரைக்கும் கேட்டவனுக்கு அது "வரேன்" என்று முடியுமா "வரலை" என்று முடியுமா என்பது தெரியாது; ஆனாலும் முகம், குரலின் ஏற்ற இறக்கம், நேற்று நடந்த சண்டை எல்லாவற்றையும் சேர்த்து மூளை பந்தயம் கட்டிவிடுகிறது. இதை நாம் தினம் ஆயிரம் தடவை செய்கிறோம், ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

இப்போது ஊகிக்கும் பழக்கம் வேறுபட்ட இருவரை எதிரெதிரே உட்கார வையுங்கள். ஆட்டிசத்தில் மூளை பழைய அனுபவத்தை வைத்து ஊகிப்பதைவிட அப்போது வந்து விழும் புலன் தகவலுக்கு அதிக எடை கொடுக்கிறது என்று பெல்லிக்கானோ, பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு கருதுகோள் வைத்தார்கள். கவனம் பல வாய்க்காலில் பிரியாமல் ஒரே மடையில் பாய்கிறது என்பது 2005-ல் டைனா மரே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் வைத்த இன்னொரு கருதுகோள். எது சரியானாலும், செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து கவனத்தைப் பிடுங்கிக் கேள்வியில் நட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மௌனம்.

மௌனம் வெறும் மௌனமாக இருந்தால் பரவாயில்லை. அதற்கு அர்த்தம் உண்டு, அதுதான் வம்பு. ஆங்கிலம், இத்தாலியம், ஜப்பானியம் பேசுகிறவர்களுக்கு ஒரே பதிலை, முன்னால் வரும் மௌனத்தை மட்டும் நீட்டி நீட்டிப் போட்டுக் காட்டினார்கள். மௌனம் நீள நீள, "இவருக்கு விருப்பமில்லை" என்றே மூன்று மொழிக்காரரும் மதிப்பிட்டார்கள். ஒருவர் ஒப்புக்கொண்ட வார்த்தை அப்படியே இருக்கிறது, நாம் கேட்பது மறுப்பு.

பள்ளத்தூரில் எங்கள் அயித்தை வீட்டில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு எந்த டாக்டரும் எந்தப் பெயரும் வைத்ததில்லை, நானும் வைக்கவில்லை. வளவில் தூணோரம் உட்கார்ந்து பழைய கடிகாரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருப்பார், பல்சக்கரங்கள் ஆத்தங்குடிக் கல்லின் மேல் வரிசையாக இருக்கும். இரண்டாங்கட்டு நிலைவாசலில் நின்று அயித்தை, "பணியாரம் வைக்கவா?" என்பார். பதில் இருக்காது. அயித்தை தலையை ஒரு வெட்டு வெட்டி உள்ளே போய்விடுவார். அதற்கப்புறம் மாமா நிமிர்ந்து, யாருமில்லாத நிலைவாசலைப் பார்த்து, "ம், ரெண்டு வை" என்பார். இப்படியே நாற்பது வருடம். அயித்தை கேட்டது வேண்டாம் என்ற பதில், மாமாவுக்குத் தெரிந்தது கேட்டும் பணியாரம் வரவில்லை என்பது. இரண்டு பேருமே குறை சொல்வார்கள், இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

என்னை உற்சாகப்படுத்திய ஆய்வு ஜெர்மனியின் கொலோனிலிருந்து 2023-ல் வந்தது. ஆட்டிசம் உள்ள இருவரை ஜோடியாகப் பேசவிட்டு இடைவெளியை அளந்தார்கள். ஆரம்பத்தில் நீண்ட மௌனங்கள். ஆனால் பேசப் பேச இடைவெளி சுருங்கி மற்ற ஜோடிகளின் வேகத்துக்கே வந்துவிட்டது. கலப்பு ஜோடிகளை அதில் அளக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பாருங்கள், தாளம் இல்லாமல் இல்லை, பிடிபடக் கொஞ்சம் நேரம் கேட்கிறது.

நாம் எங்கே அந்த நேரத்தைக் கொடுக்கிறோம்? பெண் பார்க்கப் போனால் முகப்பில் இருபது பேர், தலைக்கு மேல் மின்விசிறி இரைச்சல், குழந்தைகள் கத்தல், பத்து நிமிடத்தில் "என்னப்பா, பிடிச்சிருக்கா?" அமெரிக்காவில் சாசன் என்ற உளவியலாளரின் குழு 2017-ல் ஒரு சோதனை செய்தது: ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில விநாடிக் காட்சியைப் பார்த்தவர்கள் இவரோடு பழக வேண்டாம் என்று சீக்கிரமே முடிவு கட்டினார்கள், அதே பேச்சை வெறும் எழுத்தில் படித்தவர்களுக்கு அந்த வெறுப்பு காணாமல் போனது. சொன்ன விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. முகம், குரல், அசைவுதான் தீர்ப்பை எழுதிவிட்டன. தினம், கணம், யோனி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தத்தையும் நிலா நின்ற நட்சத்திரத்தில் தேடுகிறோம். உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரையும் ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பேசவிட மனசு வருவதில்லை. ஆராய்ச்சிப் பணமும் இப்படித்தான் போகிறது. பிரிட்டனில் ஆட்டிச ஆய்வுக்கான நிதியில் பாதிக்கு மேல் உயிரியலுக்கும் மூளைக்கும் போவதாக 2014-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மரபணு தேடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. வளர்ந்தவர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று கேட்கவும் நாலு காசு ஒதுக்கினால் என்ன?

ஆச்சியின் கேள்விக்கு நேரான பதில்: ஜெர்மனியில் 229 பேரிடம் கேட்ட 2017 ஆய்வில், ஆட்டிசம் உள்ள துணை கிடைத்தவர்கள் கூடுதல் திருப்தி சொன்னார்கள். அதனால் அவரை மாதிரிப் பெண் என்பது தப்பான யோசனை இல்லை. ஆனால் இரண்டு பேருக்கும் இரைச்சல் ஆகாது என்றால் சரி, ஒருவருக்குப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கணும், இன்னொருவருக்கு ஊசி விழும் சத்தமே ஆகாது என்றால் ஒரே இனம் என்பது உதவாது. ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, 2023-ல் வந்தது, நீண்டநாள் ஜோடிகளைப் பார்த்தது. இரு தரப்பிலும் திருப்தியோடு ஒட்டி நின்றது, துணை தன் தேவையை அறிந்து ஏற்று நடக்கிறாரா என்பதுதான்.

இன்னொன்று, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தன் உணர்வுக்கே பெயர் வைக்கத் தெரிவதில்லை. வயிற்றில் ஏதோ பிசைகிறது என்று தெரியும், அது பசியா கோபமா பிரிவா என்று தெரியாது. "என் மேல பாசம் இருக்கா?" என்று கேட்டால் திணறுவார், மறுநாள் உங்கள் வண்டிக்குக் காற்றடித்து வைத்திருப்பார்.

நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவு எழுதுகிறோம், கொடுத்தது வாங்கியதற்கு முறைச்சிட்டை போடுகிறோம், கல்யாணம் ஆனதும் ஒரே வீட்டுக்குள் வேறு வைத்துத் தனி உலை, தனிக் கணக்கு என்று பிரித்துவிடுகிறோம். எதையும் ஊகத்துக்கு விடாத கூட்டம் இது. அந்தப் புத்தியைக் கொஞ்சம் குடித்தனத்துக்கும் நீட்டச் சொல்லுங்கள்: எந்த நேரம் பேசக்கூடாது, யார் வீட்டு விசேஷத்தில் எத்தனை மணி நேரம் இருப்பது, கோபம் வந்தால் எந்த அறை. தம்பிக்கு ஆட்டிசம் என்பதைப் பெண் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேரும் முதலில் எழுதிப் பேசட்டும், பிறகு கூட்டம் இல்லாத இடத்தில் நாலைந்து தடவை பார்க்கட்டும். தம்பி பதில் சொல்ல நேரமானால் நீங்கள் குறுக்கே பதில் சொல்லாதீர்கள் ஆச்சி, குரல் செய்தியில் அவர் பேச வாயெடுத்த இரண்டு இடத்திலும் நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள்.

ஜாதகம் இரண்டும் கிடைத்தது. ஒன்றில் பிறந்த நேரம் அழிந்திருக்கிறது, எனக்கு எப்படியும் படிக்கத் தெரியாது.