மின்ம வளையம்: சொல் விளக்கம்

வாயுவை மிகுந்த வெப்பத்துக்கோ வலிய மின்புலத்துக்கோ உட்படுத்தினால், அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, அயனிகளும் (எலக்ட்ரானை இழந்து மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மா உருவாகிறது. அது தன்னுள் ஓடும் மின்னோட்டத்தாலும் அம்மின்னோட்டம் தோற்றுவிக்கும் காந்தப்புலத்தாலும் தனக்கென ஒரு வடிவம் கொண்டு சிறிது நேரம் நிலைத்திருந்தால், அதற்குப் பிளாஸ்மாய்டு என்று பெயர். வளைய வடிவிலான பிளாஸ்மாய்டுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் எது என்பதே இங்குப் பேசுபொருள்.

பிளாஸ்மா என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு வார்த்தெடுக்கப்பட்டது என்பது பொருள். உயிரியலில் முன்பே புழங்கிய அச்சொல்லை 1928இல் இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர். பிளாஸ்மா எனப்படும் குருதியின் நீர்மப் பகுதி இரத்த அணுக்களைச் சுமந்து செல்வதை அயனி வாயு அவருக்கு நினைவூட்டியதாக உடன் பணியாற்றிய ஒருவர் பிற்காலத்தில் எழுதினார். 1956இல் அமெரிக்க இயற்பியலாளர் வின்ஸ்டன் பாஸ்டிக், வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகம் வரை செலுத்திய பிளாஸ்மாத் திரள்களைக் குறிக்க, வடிவம் என்னும் பொருள்தரும் கிரேக்க ஈற்றைச் சேர்த்துப் பிளாஸ்மாய்டு என்ற சொல்லை ஆக்கினார்.

தமிழில் இயற்பியல் பிளாஸ்மாவுக்கு மின்மம், அயனிமம் என்னும் இரு சொற்கள் வழங்குகின்றன. சிங்கப்பூர்ப் பள்ளிகளில் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுவதால், இங்குள்ள மாணவரிடம் தமிழ்க் கலைச்சொல் பாடநூலின் துணையின்றியே வந்து சேர்கிறது. ஆகவே அது தன் பொருளைத் தானே காட்டியாக வேண்டும். பிளாஸ்மா என்று மட்டும் எழுதினால் பலருக்கு இரத்த தானமே நினைவுக்கு வரும். அயனிமம் துல்லியமான சொல்தான். ஆயினும் அயனி என்ன என்பதை முன்பே அறிந்தவருக்கே அது விளங்கும். எனவே மின்மம் என்பதையே நான் தேர்கிறேன். பிளாஸ்மாய்டை மின்மத் திரள் என்றும், அது வளைய வடிவில் அமையும்போது மின்ம வளையம் என்றும் சொல்லலாம்.

மின்னூட்டம் பெற்ற வாயு வளையம் என்று சிலர் எழுதுவதை ஏற்க இயலாது. மின்மத்தில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஏறத்தாழச் சம அளவில் இருப்பதால், முழுமையாக நோக்கும்போது அது நடுநிலையானது. அதற்குத் தனித்தன்மை தருவது மின்னைக் கடத்தும் ஆற்றலும் காந்தப்புலத்துக்கு இசைந்து நடக்கும் இயல்புமே ஆகும். சுழல் வளையம் என்பதும் பொருந்தாது. புகை வளையத்தைப் போலப் பாய்மத்தின் (நீர்மம் அல்லது வாயுவின்) சுழற்சியால் மட்டுமே உருவாவதற்கு உரிய பெயர் அது. அதன் கணிதத்தை 1858இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகுத்தார்.

மின்ம வளையத்தைக் காற்றின் ஊடே செலுத்துவது கடினம். அடர்ந்த காற்றின் மூலக்கூறுகளோடு ஓயாது மோதி வளையம் வெப்பத்தை இழக்க, அயனிகளும் எலக்ட்ரான்களும் மீண்டும் இணைந்து வெறும் வாயுவாகிவிடுகின்றன. 1990களின் முற்பகுதியில் அமெரிக்க விமானப்படை, நியூ மெக்சிகோவிலுள்ள ஷிவா ஸ்டார் என்னும், மின்னாற்றலைச் சேமித்து நொடிப்பொழுதில் வெளிவிடும் மின்தேக்கித் தொகுதியைக் கொண்டு இத்தகைய வளையங்களை முடுக்கிய சோதனைகளும் வெற்றிடத்திலேயே நடந்தன. 2017இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தினர் மெல்லிய நீர்த்தாரையைப் படிகத் தகட்டின் மீது அதிவேகமாகப் பாய்ச்சித் திறந்த காற்றிலேயே ஒரு வளையத்தை நிலைநிறுத்தினர். அதுவும் மின்ம வளையமே. ஆனால் தாரை படும் இடத்தை விட்டு அது நகரவில்லை. ஆகவே ஏவப்படும் வகையை எழுதும்போது எறி மின்ம வளையம் என்று அடைகொடுத்து வேறுபடுத்துவது நல்லது.