அச்சு அசலாக இருந்தால் உஷார்

பழைய ஆட்டோகிராஃப் ஒன்றை விற்கலாம் என்று நினைப்பவர் முதலில் செய்வது, இணையத்தில் அதே பிரபலத்தின் கையெழுத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். வளைவும் சுழியும் ஒத்துப்போனால் நிம்மதி. ஆனால் கையெழுத்தை ஆராய்பவர்கள் வடிவத்தை அந்த அளவுக்கு நம்புவதில்லை. போலி போடுகிறவர் நாள்கணக்கில் உட்கார்ந்து பழகுவதே வடிவத்தைத்தான். அவருக்கு எளிதில் வசப்படாதது வேகம்.

பல வருடம் போட்டுப் பழகிய கையெழுத்தை மூளை எழுத்து எழுத்தாக யோசிப்பதில்லை. மொத்த அசைவும் ஒரே கட்டளைத் தொகுப்பாகப் பதிந்திருக்கிறது. ஒரே இழுப்பில் போடும் ஒரு கீற்று முடிய ஏறக்குறைய 0.1 விநாடிதான் ஆகும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கையைத் திருத்த அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அதாவது, அசல் கையெழுத்து போடப்படும்போது அதை யாரும் மேற்பார்வை பார்ப்பதில்லை, போடுகிறவர் உட்பட! பேனா காகிதத்தைத் தொடும் முன்பே கை ஓடத் தொடங்கிவிடுகிறது, எடுத்த பிறகும் ஓடுகிறது. அதனால்தான் கோட்டின் தொடக்கமும் முடிவும் ஊசிபோல் மெலிந்திருக்கும்.

பார்த்துப் போடுகிறவர் மெதுவாகத்தான் போக முடியும். பள்ளி விளையாட்டு விழாக்களில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். வேகம் குறையக் குறைய வண்டி தள்ளாடும். பேனாவும் அப்படித்தான். 10 மடங்கு பெருக்கும் சாதாரண லென்ஸ் போதும்: கோடு மொட்டையாகத் தொடங்கும், வளைவுகளில் மெல்லிய நடுக்கம் தெரியும், யோசித்து நின்ற இடத்தில் மை தேங்கியிருக்கும். சில இடங்களில் பேனாவை எடுத்துவிட்டு, விட்ட இடத்திலேயே மறுபடி ஒட்டவைத்திருப்பார். வயதானவர் கையும் நடுங்கும், உண்மைதான். ஆனால் தன் சொந்தக் கையெழுத்தில் கோடு கோணலாகப் போனால் அவர் திரும்பிவந்து சரிசெய்துகொண்டிருக்க மாட்டார்.

இனி, இரண்டு கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்? அங்கேதான் கவனம் வேண்டும். 1868-இல் அமெரிக்காவில் ஓர் உயில் வழக்கு. இறந்துபோன சில்வியா ஆன் ஹவ்லண்டின் பெயரிலிருந்த இரண்டு கையெழுத்துகள், ஒன்றை ஒன்றின்மேல் வைத்தால் சரியாகப் பொருந்துகின்றன என்பதுதான் புகாரே. கணித அறிஞர் பெஞ்சமின் பியர்ஸும் அவர் மகன் சார்லஸும் அந்த அம்மாளின் 42 கையெழுத்துகளை எடுத்து, சாத்தியமான எல்லா ஜோடிகளையும் ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு கையெழுத்திலும் 30 கீழ்நோக்கிய கீற்றுகள். சராசரியாக ஐந்தில் ஒன்றுதான் பொருந்தியது. முப்பதும் பொருந்த வேண்டுமென்றால் ஐந்தை 30 தடவை பெருக்க வேண்டும். வருவது 21 இலக்க எண், அதில் ஒரு பங்குதான் வாய்ப்பு. கீற்றுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அவர்களது அனுமானத்தை இன்றைய புள்ளியியலார் ஏற்க மாட்டார்கள். நீதிமன்றமும் கடைசியில் வேறொரு சட்டக் காரணத்தை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னது. ஆனாலும் அடிப்படை யோசனை அசையவில்லை: ஒரே கை இரண்டு முறை அப்படியே போடாது. இரண்டும் ஒன்றென்றால் ஒன்று பார்த்து இழுத்தது, அல்லது இயந்திரம் போட்டது.

ஆம், இயந்திரமும் உண்டு. ஆட்டோபென் என்ற கருவி உண்மையான பேனாவைப் பிடித்து உண்மையான மையால் கையெழுத்திடும். கென்னடி காலத்து வெள்ளை மாளிகையிலேயே அது சுறுசுறுப்பாக வேலை பார்த்தது. 2022-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புதுப் புத்தகம், கையால் கையெழுத்திட்டது என்ற உத்தரவாதக் கடிதத்தோடு, பிரதி 599 டாலருக்கு 900 பிரதிகள் விற்பனைக்கு வந்தது. வாங்கிய ரசிகர்கள் தங்கள் பிரதிகளைப் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்க்க, குட்டு உடைந்தது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது; டிலனும் மன்னிப்புக் கேட்டார். ஒரே ஒரு பிரதியை வைத்திருந்தவருக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

வேகம் கைவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. பீட்டில்ஸ் இசைக்குழுவினர் புகழின் உச்சத்தில் இருந்தபோது, அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வருக்கும் சேர்த்துத் தாங்களே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். காலம் சரி, மை சரி, கோட்டில் தயக்கமும் இல்லை. ஆள் மட்டும் வேறு. இதைப் பிடிக்க, சந்தேகமற்ற மாதிரிகள் நிறைய வேண்டும். அந்த மாதிரிகளே கெட்டுப்போனால்? 1983-இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை, ஹிட்லரே எழுதியது என்று நம்பி வெளியிட்ட போலி ‘ஹிட்லர் டைரி’ விஷயத்தில் நடந்தது அதுதான். நிபுணர்களிடம் ஒப்பிடக் கொடுத்த மாதிரிகளிலும் அந்த டைரியை எழுதிய போலி மன்னன் கான்ராட் குயாவ் எழுதியவையே கலந்திருந்தன. தன் கைக்குத் தானே சாட்சி.

காந்தியின் கையெழுத்து இன்னொரு வகைச் சிக்கல். ஹரிஜன நிதிக்காக ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஆட்டோகிராஃப் போட்டவர் அவர். தமிழிலேயே ‘மோ.க.காந்தி’ என்று போட்டதும் உண்டு. போதாக்குறைக்கு, வலது கை களைத்தால் இடது கையால் எழுதுவார். 1909-இல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பிய கப்பலில் எழுதிய புத்தகத்தின் சில பக்கங்கள் இடது கை எழுத்து. தமிழ்க் கையெழுத்தைத் தமிழ்க் கையெழுத்தோடும், இடது கை எழுத்தை இடது கை எழுத்தோடும்தான் வைத்துப் பார்க்க முடியும்.

ஹிட்லர் டைரியைக் கடைசியில் கவிழ்த்தது காகிதம். அதில் போருக்குப் பிந்தைய வெண்மையூட்டும் ரசாயனம் இருந்தது. 1950-க்குப் பிறகு பரவலான இந்த ரசாயனம் புற ஊதா ஒளியில் நீல வெள்ளையாகப் பளிச்சிடும். கள்ள நோட்டு பார்க்கும் டார்ச்சே போதும். 1940-களின் படம் என்று சொல்லிக்கொண்டு அப்படிப் பளிச்சிட்டால் கதை முடிந்தது. பேனாவுக்கும் பிறந்த தேதி உண்டு. பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945-இல். ஷார்ப்பி மார்க்கர் 1964-இல். பேஸ்பால் வீரர் பேப் ரூத் 1948-இல் இறந்தார். அவரது பால்பாயின்ட் கையெழுத்து சாத்தியம், மார்க்கர் கையெழுத்து சாத்தியமே இல்லை.

கெட்டிக்காரப் போலிக்காரர் பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளைக் கிழித்து வைத்துக்கொள்வார். ஆனால் பழந்தாளில், மை பரவாமல் தடுக்கும் பசை வலுவிழந்திருப்பதால் புது மை இழைகளுக்குள் கசியும். மடிப்பின் மேல் கோடு போகும் இடத்தையும் பாருங்கள்: மடித்த பிறகு எழுதியிருந்தால் மை அந்த முறிவுக்குள் ஓடியிருக்கும். ஆய்வகத்தில் இன்னும் நுணுக்கமாகப் போகலாம். பல பால்பாயின்ட் மைகளில் உள்ள ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற கரைப்பான் எழுதிய முதல் இரண்டு வருடங்களில்தான் கணிசமாக ஆவியாகிறது. 1980-இல் போட்டதாகச் சொல்லும் கோட்டில் அது இன்னும் வேகமாகக் குறைந்துகொண்டிருந்தால், எழுதியது சமீபத்தில்.

சரி, சான்றிதழ்? 1990-களில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் சிக்கிய கும்பல், சான்றிதழோடுதான் போலிகளை விற்றது. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் கூட அவர்களிடம் இருந்தது. அதையும் அச்சடித்த தாள் ஒன்று ‘அசல்’ ஆக்கிவிடும். இந்த அனுபவத்துக்குப் பிறகு அமெரிக்க பேஸ்பால் லீக் 2001-இல் வேறு வழி எடுத்தது: வீரர் கையெழுத்திடும்போது பக்கத்தில் ஒரு சாட்சி நின்று பார்த்து, எண்ணிட்ட ஹோலோகிராம் ஒட்டுவார். பார்க்காத எதற்கும் அது ஒட்டப்படாது. பழைய கையெழுத்துக்கு அப்படி நின்று பார்த்த சாட்சி கிடையாது. ஆகவே தாத்தா பெட்டியிலிருந்து எடுத்ததை விற்கப் போகிறவர்கள், கையெழுத்தோடு சேர்ந்து கிடக்கும் டிக்கெட், தபால் உறை, அன்று எடுத்த போட்டோ எதையும் தனியே பிரித்துத் தூக்கிப் போட வேண்டாம்.